பழைய மாருதியின் வெளுத்த பம்பருக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். 2004 மாடல் மாருதி 800, அப்பா வாங்கியது. முன் பின் பம்பர்கள், கதவில் ஓடும் பக்கப் பட்டை, சைடு கண்ணாடியின் உறை எல்லாம் கறுப்பு போய்ச் சாம்பல் பூத்துவிட்டன. பக்கத்துப் பட்டறையில் கறுப்பு அடித்துக் கொடுத்தார்கள். ஏழாவது மாதம் தோல் தோலாக உரிய ஆரம்பித்தது. இனி எந்தக் கம்பெனி பெயிண்ட் வாங்கினால் உரியாது, வீட்டிலேயே அடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயிண்ட் கம்பெனியின் பெயரைக் கேட்டாலும், மனசில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன்: போன தடவை ஏன் ஒட்டவில்லை, அடுத்த தடவை ஒட்டும் என்று எதை வைத்து நம்புவது? அதற்குத்தான் இந்தப் பதில். கோயம்புத்தூரில் 22 வருஷமாகக் கார் பெயிண்டிங் பார்க்கிறேன். உப்புத்தாள் தேய்க்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு பெயிண்ட் கம்பெனி நடத்திய பயிற்சி வகுப்புகளிலும் உட்கார்ந்தவன். வெளுத்த பம்பர் மாதத்துக்கு நாலைந்தாவது பட்டறைக்கு வந்துவிடும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். உரிந்துகொண்டிருக்கும் பெயிண்ட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு துண்டை நகத்தால் கிள்ளி எடுத்து, திருப்பிப் போட்டு வெயிலில் பாருங்கள். பம்பருடன் ஒட்டியிருந்த பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தமாக, பம்பரின் சொரசொரப்பை அச்சு எடுத்தது போல இருந்தால், அந்தப் பெயிண்ட் ஒரு நாள்கூட ஒட்டியிருக்கவில்லை. மேலே போர்வை போலக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். அடிப்பக்கத்தில் விரலில் ஒட்டும் சாம்பல் மாவு இருந்தால் கதை வேறு: பெயிண்ட் ஒட்டியிருக்கிறது, ஆனால் பம்பரின் செத்துப்போன மேல்தோலில் ஒட்டியிருக்கிறது, அந்தத் தோல் கழன்றபோது கூடவே வந்துவிட்டது. சின்னச் சின்ன வட்டக் குழிகள் தெரிந்தால், அடியில் சிலிகான் பாலிஷ் இருந்திருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் தனித்தனி. எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தத் துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பம்பர் பிளாஸ்டிக் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பெரும்பாலான கார் பம்பர்கள் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தவை. இடிபட்டால் நொறுங்காமல் வளைய வேண்டும் என்பதற்காக அதில் ரப்பர் கலப்பார்கள். விறைப்புக்காக டால்க், அதாவது முகப் பவுடரில் இருக்கும் அதே மாவுக் கல்லைச் சேர்ப்பார்கள். பாலிபுரொப்பிலீன் மெழுகுக்கு நெருங்கிய சொந்தம். சமையலறையில் இருக்கும் தயிர் டப்பாவின் அடியில் ஐந்து என்று எண் இருந்தால் அதுவும் இதே சாதிதான். அதில் எதையாவது எழுதிப் பாருங்கள், பசை போட்டு ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவாமல் முத்தாக நிற்கும். பெயிண்ட்டுக்கும் அதே கதிதான். கார் கம்பெனியில் பாடி நிறத்தில் வரும் பம்பர்கள் மட்டும் எப்படி ஒட்டுகின்றன என்று கேட்கலாம். அங்கே பெயிண்ட் அடிப்பதற்கு முன் பம்பரின் மேல் தீச்சுவாலையைக் கண் இமைக்கும் நேரம் ஓடவிட்டு மேற்பரப்பின் குணத்தையே மாற்றுகிறார்கள், அல்லது குளோரின் ஏற்றிய ஒரு பிசினை முதல் பூச்சாகக் கொடுக்கிறார்கள். தீ வேலையை ரோபோ அளந்து செய்கிறது. கேஸ் டார்ச்சை வைத்து அதைச் செய்து காட்டும் பெயிண்டர்கள் இருக்கிறார்கள். ஒரு நொடி கூடினாலும் பம்பர் நெளிந்துவிடும். வீட்டில் வேண்டாம். ஆனால் அந்தப் பிசின் கடையில் கிடைக்கிறது. 'அட்ஹீஷன் புரொமோட்டர்' அல்லது 'பிளாஸ்டிக் பிரைமர்' என்று கேட்டால் ஸ்பிரே கேனாகவோ டப்பாவாகவோ கொடுப்பார்கள். உங்கள் பட்டறையில் விட்டுப்போனது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். உரிந்த துண்டின் அடிப்பக்கம்தான் அதை உறுதி செய்யும்.

சரி, கறுப்பு எப்படி வெளுக்கிறது? கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்பைக் கொடுப்பது கரித்தூள். அது வெறும் நிறத்துக்கு மட்டும் இல்லை, வெயிலின் புற ஊதாக் கதிரை விழுங்கிப் பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும் வேலையும் அதுதான் பார்க்கிறது. இருந்தாலும் நம் ஊர் வெயிலில் இருபது வருஷம் நின்றால், மேலே முடி அளவுகூட இல்லாத ஒரு படலத்தில் பிளாஸ்டிக்கின் நீள இழைகள் துண்டு துண்டாக அறுந்து உதிர்ந்துபோகின்றன. உள்ளே இருந்த டால்க் வெளியே தெரிகிறது; மேற்பரப்பு முழுக்க நுண்ணிய வெடிப்பு. வெளிச்சம் அந்த வெடிப்புகளில் சிதறுவதால்தான் சாம்பலாகத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றியதும் பம்பர் கறுப்பாகிக் காய்ந்ததும் மறுபடி வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வெடிப்புகளை நிரப்பிவிடுகிறது, அதனால்தான். அடியில் கறுப்பு அப்படியே இருக்கிறது.

அதனால் பெயிண்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். இதுவரை பெயிண்ட் படாத, வெறுமனே வெளுத்த பம்பராக இருந்தால் நான் பெரும்பாலும் பெயிண்ட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நன்றாகக் கழுவி, தேய்த்து, கறுப்புச் சாயம் கலந்த டிரிம் ரெஸ்டோரர், அதாவது வெளுத்த பிளாஸ்டிக்குக்கு நிறத்தைத் திருப்பித் தரத் தடவும் பூச்சு, கொடுத்தால் நல்ல நிறம் வரும், உரிவதற்கும் படலமாக எதுவும் இருக்காது. வெறும் எண்ணெய்ப் பசையாக இருக்கும் மலிவு சாமான் ரெண்டு மழைக்குத் தாங்காது. தடவினால் காய்ந்து கெட்டியாகும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டிக் கறுப்பாக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. கறுப்பாவது உண்மைதான், என் கையாலேயே செய்திருக்கிறேன். மேல் படலம் லேசாக உருகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் நான் செய்த வண்டிகளில் சில மாதத்திலேயே திரும்ப வெளுத்துவிட்டது, ரெண்டாவது மூன்றாவது தடவை செய்யும்போது பலன் குறைந்துகொண்டே போனது, பம்பரின் சொரசொரப்பும் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாக மாறியது. தேங்காய் எண்ணெய், டீசல், ஷூ பாலிஷ் மூன்றையும் மறந்துவிடுங்கள். டீசல் ரப்பரை ஊற வைக்கும், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிற்பாடு பெயிண்ட் அடிக்க நினைத்தால் அதுவே முதல் எதிரி.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே பெயிண்ட் பட்டுவிட்டது, பாதி உரிந்தும் இருக்கிறது. எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டு ரெஸ்டோரருக்குப் போகலாம், அல்லது திரும்ப முறையாக அடிக்கலாம். ரெண்டுக்கும் முதல் பாதி வேலை ஒன்றுதான்.

அடுத்து, எது எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். பம்பரைக் கழற்றித் திருப்பினால் உள்பக்கம் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவில் ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். பி.பி. (PP) என்று தொடங்கினால் பாலிபுரொப்பிலீன். கூடவே இ.பி.டி.எம். (EPDM) என்றிருந்தால் ரப்பர் கலந்தது, டி20 (T20) என்றால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க். ஏ.பி.எஸ். என்று இருந்தால் வேறு வகை. கிரில், கண்ணாடி உறை போன்றவை பெரும்பாலும் இதில்தான் வரும். பழைய பாகங்களில், அதுவும் வெளியே வாங்கி மாட்டிய டூப்ளிகேட் பம்பர்களில், குறியே இருக்காது. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதப்பது பாலிபுரொப்பிலீன் என்று ஒரு சோதனை சொல்வார்கள். சுத்தமான பாலிபுரொப்பிலீன் மிதக்கும், சரிதான். டால்க் அதிகம் கலந்தது மூழ்கிவிடும். எனவே மிதந்தால் நம்பலாம், மூழ்கினால் எதையும் முடிவு செய்ய முடியாது. நான் நம்புவது உப்புத்தாளை. வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் 320 நம்பர் தாளைக் காய்ந்தபடியே வேகமாகத் தேயுங்கள். காய்ந்த மாவாக உதிர்ந்தால் ஏ.பி.எஸ். போன்ற கடின வகை. மாவாகாமல் மெழுகு போல இழுபட்டு, மெல்லிய நார் நாராக எழும்பினால் பாலிபுரொப்பிலீன் குடும்பம், புரொமோட்டர் இல்லாமல் அதில் எதுவும் நிற்காது.

ஏ.பி.எஸ்.ஸில் பெயிண்ட் நன்றாகவே ஒட்டும், ஆனால் அதற்குத் தின்னர் ஆகாது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் ஒரு கண்ணாடி உறையைச் சுத்தமாக்குகிறேன் என்று பெயிண்ட்டில் கலக்கும் என்.சி. தின்னரைத் துணியில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் திருகு ஏறும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி விரிசல். இறுக்கி மாட்டிய இடத்தில் ஏற்கெனவே இழுவிசை இருக்கும், தின்னர் பட்டதும் அந்த இடம் விட்டுக்கொடுத்துவிடும். பழைய கார்களுக்கு அந்த உறை சுலபத்தில் கிடைக்காது. கழுவ சோப்புத் தண்ணீர், கடைசித் துடைப்புக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஏ.பி.எஸ். பாகங்களுக்கு இந்த ரெண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரும்புக்குப் போடும் பெயிண்ட் ரிமூவரையும் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுவராதீர்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். முடிந்தால் பம்பரைக் கழற்றி வைத்து அடியுங்கள். 800-இல் பம்பர் கழற்றுவது கஷ்டமான வேலை இல்லை, ஆனால் இருபது வருஷத்து போல்ட் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும். முதல் நாள் மாலையே துருநீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பக்கப் பட்டைகளை மட்டும் கழற்ற வேண்டாம். ஒட்டு நாடாவிலோ கிளிப்பிலோ நிற்கும், பழைய பிளாஸ்டிக் எடுக்கும்போதே ஒடியும். வண்டியிலேயே வைத்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் போட்டு, செய்தித்தாளால் கதவை முழுக்க மூடிவிட்டு அடியுங்கள். டேப்பை விளிம்பில் நகத்தால் அழுத்தி ஓட்டுங்கள். அந்த ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடித்தால் கதவில் கறுப்புக் கோடு விழும்.

கழுவுவதுதான் இந்த வேலையின் உயிர், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாட்டர் வாஷ் கடைகளில் கடைசியில் பளபளப்புக்காக ஒன்றைத் தடவுவார்கள், டயருக்கும் பம்பருக்கும் சேர்த்து. அதில் சிலிகான் எண்ணெய் இருக்கும். வெளுத்த பம்பரின் நுண்ணிய வெடிப்புகளுக்குள் அது போய் உட்கார்ந்துவிடும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அடித்த நொடியே பெயிண்ட் விலகி வட்டக் குழியாகும். பட்டறையில் இதை மீன் கண் என்போம். முதலில் உப்புத்தாள், பிறகு கழுவல் என்று போகக் கூடாது. தேய்க்கும்போது அழுக்கை நீங்களே உள்ளே ஏற்றிவிடுவீர்கள். எப்போதும் கழுவல்தான் முதலில். பாத்திரம் கழுவும் லிக்விடும் வெந்நீரும் போட்டு, நைலான் பிரஷ்ஷால் சொரசொரப்பின் குழிகளுக்குள் போகும்படி தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். இதை ரெண்டு தடவை செய்யுங்கள். காய்ந்த பிறகு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவரில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் முழு பம்பரையும் துடைத்தால் அழுக்கை ஊர் ஊராகக் கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்று அர்த்தம். துணி சாம்பலாகாமல் வெள்ளையாகத் திரும்பி வரும் வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். அதன் பிறகு வெறும் கையால் தொட வேண்டாம். விரல் பட்ட இடம் பின்னால் தெரியும்.

ஒட்டாத பழைய பெயிண்ட்டை எடுப்பது சுலபம். அகலமான பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் தாள் தாளாக வந்துவிடும். வர மறுக்கும் இடங்களை 320 கொண்டு தண்ணீர் விட்டுத் தேய்த்து, விளிம்பு கைக்குத் தட்டுப்படாமல் சரிவாக்குங்கள். பழைய பெயிண்ட் நன்றாகப் பிடித்திருப்பதாகத் தோன்றினாலும் பம்பரில் நான் அதை விட்டுவைப்பதில்லை. சுற்றிலும் உரிந்தது அங்கே மட்டும் ஏன் பிடித்திருக்கிறது என்பதற்கு நிச்சயமான பதில் கிடைக்காது, கிடைக்காததை நம்பி மேலே புதுப் பெயிண்ட் ஏற்ற முடியாது. பிறகு முழு பம்பரையும் சிவப்பு ஸ்காட்ச்-பிரைட் என்ற உரசும் நார்ப் பட்டையால் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் சேர்த்துத் தேயுங்கள். சொரசொரப்பான பம்பரில் தாளை வைத்துத் தேய்த்தால் மேடுகள் மட்டும் தட்டையாகி அங்கங்கே வழுவழுப்பாகும். ஸ்காட்ச்-பிரைட் குழிக்குள்ளும் போகும். சாம்பல் மாவு நின்று, தண்ணீர் கறுப்பாக வர ஆரம்பிக்கும் வரை தேய்க்க வேண்டும். அதுதான் உயிருள்ள பிளாஸ்டிக் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். வழுவழுப்பான கண்ணாடி உறைக்கு 600 நம்பர் வாட்டர் பேப்பர் போதும்.

கீறல்களுக்குப் பட்டி போடலாமா என்றால், பாடிக்குப் போடும் சாதாரணப் பட்டி வேண்டாம். பம்பர் வளையும், பட்டி வளையாது. கால் படும் இடத்தில் முதல் மாதமே வெடிக்கும். பம்பருக்கென்று வளையும் பட்டி இருக்கிறது. சின்னக் கீறலாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டுச் சொரசொரப்பாக விழும் 'டெக்ஸ்சர்' பம்பர் பெயிண்ட்டை அடித்தால் கண்ணுக்கே தெரியாது.

பெயிண்ட் நாளுக்கு இடமும் நேரமும் முக்கியம். ஐப்பசி கார்த்திகை மழையில் தொடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் பூச்சின் மேல் பால் போல வெளுப்பு படியும். நேர் வெயிலிலும் கூடாது. கறுப்பு பம்பர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து மணல் மாதிரி நிற்கும். தை மாசியில், பனி விலகிய காலை எட்டு, ஒன்பது மணி, நிழல், காற்று அடிக்காத இடம் என்றால் உத்தமம். கேனை ரெண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்குங்கள். முதலில் புரொமோட்டர். ஈரம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக ரெண்டு பூச்சு போதும், வழிய வழிய அடித்தால் அதுவே பலவீனமான படலமாகிவிடும். டப்பாவில் எவ்வளவு நேரத்துக்குள் மேல் பூச்சு அடிக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அந்த நேரத்தைத் தாண்டினால் பிடிப்பு போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைவிட டப்பாவின் பேச்சைக் கேளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு தயாரிப்புக்கும் இது மாறும். பிறகு கறுப்பு. ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பம்பருக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை நேராக ஓட்டி, பாதிக்குப் பாதி ஏறும்படி மெல்லிய மூன்று பூச்சு. முதல் பூச்சில் அடி தெரியும், தெரியட்டும். இடையில் பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். ரெண்டு பம்பருக்கும் சேர்த்து 400 மி.லி. கேன் ரெண்டு, மூன்று ஆகும். ஒன்றை மட்டும் வாங்கிவைத்துப் பாதியில் கடைக்கு ஓடாதீர்கள். முழு நாள் வேலையில் பெயிண்ட் அடிக்கும் நேரம் அரை மணிதான். அடித்து முடித்த அன்றே மாட்டலாம் போலத் தோன்றும். ஒரு நாளாவது விட்டு மாட்டுங்கள், ரெண்டு வாரம் பிரஷர் வாஷ் வேண்டாம்.

பளபளப்பா, மினுக்கம் இல்லாத 'மட்' பூச்சா என்றால் என் விருப்பம் ரெண்டுக்கும் நடுவில் உள்ள சாட்டின் கறுப்பு. சொரசொரப்பான பம்பரில் முழுப் பளபளப்பு அடித்தால் ஈரமாகவே இருப்பது போலத் தெரியும், 800-இன் எளிய முகத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. முழு மட்டில் கை பட்ட தடமெல்லாம் விழும். அப்புறம் மட், சாட்டின் பூச்சுகளுக்கு மேல் பாலிஷ் போடக் கூடாது, போட்ட இடம் மட்டும் மினுங்கும்.

பட்டறையில் கொடுப்பதாக இருந்தால் அங்கே பெயிண்ட்டைக் கெட்டியாக்கும் ஹார்ட்னர் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிப்பார்கள், கேன் பெயிண்ட்டைவிட அது உறுதியானது. பம்பருக்கு என்றால் அதில் வளைவு கொடுக்கும் ஃபிளெக்ஸ் சேர்க்கச் சொல்லுங்கள். "அண்ணே, பிளாஸ்டிக் பிரைமர் எது போடுறீங்க, டப்பாவைக் காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. வேலை தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். இந்த ஹார்ட்னர் பெயிண்ட்டை மட்டும் வீட்டில் அடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு வாடை அளவு பட்டாலே மூச்சு இழுக்கும். என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணன் அதனாலேயே முப்பத்தெட்டு வயதில் தொழிலை விட்டார். துணி மாஸ்க் இதற்குத் தடுப்பே இல்லை. சாதாரணக் கேன் பெயிண்ட்டுக்கும் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டு, குழந்தைகள் இல்லாத திறந்த இடத்தில் அடியுங்கள்.

எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்டால், இந்த முறையில் நான் செய்த பம்பர்களில் நிழலில் நிற்பவை நாலைந்து வருஷம் தாண்டியிருக்கின்றன. நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டிகளில் மூன்றாவது வருஷமே மேல்பக்கம் மங்கியதும் உண்டு, ஆனால் உரியவில்லை. இது என் பட்டறைக் கணக்கு, உங்கள் தெருவின் வெயிலுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. பக்கப் பட்டைகள் என்ன பிளாஸ்டிக் என்பதையும் எழுத்தில் வந்த வர்ணனையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய வண்டிகளில் மெத்தென்ற பி.வி.சி. பட்டையும் உண்டு, அதிலிருந்து எண்ணெய் கசிந்து மேல் பூச்சைப் பிசுபிசுப்பாக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து மெதுவாக மறைகிறதா பாருங்கள். மறைந்தால் அதற்குப் பெயிண்ட் வேண்டாம், ரெஸ்டோரரோடு விடுங்கள்.

முழு பம்பரில் இறங்குவதற்கு முன் அதன் உள்பக்கம் ஒரு கையகல இடத்தில், மேலே சொன்ன கழுவல், தேய்ப்பு, புரொமோட்டர், கறுப்பு எல்லாவற்றையும் அதே வரிசையில் செய்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு பிளேடால் பிளாஸ்டிக்கைத் தொடும் ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கோடு கீறி, சின்னச் சின்னக் கட்டமாக்குங்கள். நல்ல டேப்பை மேலே அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பாக இழுங்கள். கட்டங்கள் அப்படியே இருந்தால் மறுநாள் காலையே வேலையைத் தொடங்கலாம். டேப்பில் கறுப்புக் கட்டங்கள் வந்தால் நிறுத்திவிட்டு, அந்த டேப்பையும் பம்பரின் உள்பக்கக் குறியையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.